டபிள்யூசஸ் சர்வருக்கு ரிப்போர்ட் அனுப்பாத கணினிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ் என்பதை இந்தப் பக்கம் முழுக்க டபிள்யூசஸ் என்றே சொல்கிறோம். மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து அப்டேட்டுகளை ஒரு சர்வர் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் கணினிகளுக்குப் பங்கிட்டு, எதில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று கணக்கும் வைத்திருக்கும் ஏற்பாடு அது. கணக்குக் கொடுக்க வேண்டிய கணினி வாயை மூடிக்கொண்டால் எங்கே பார்ப்பது, எதை முதலில் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்பதுதான் விஷயம்.

கட்டளைகளும் ரெஜிஸ்ட்ரி பெயர்களும் ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள். பிழை எண்களுக்கு முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை விட்டிருக்கிறோம்.

ஒரு கணினி ரிப்போர்ட் அனுப்பவில்லை என்று எதை வைத்து முடிவு செய்வது?

கன்சோலில், அதாவது டபிள்யூசஸை நிர்வகிக்கும் ஜன்னலில், ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, கடைசியாகச் சர்வரைத் தொட்ட நேரம். மற்றது, கடைசியாக நிலை அறிக்கை தந்த நேரம். பலர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டுமே பழைய தேதி என்றால், கணினி சர்வர் வாசலுக்கே வரவில்லை. நெட்வொர்க், முகவரி, ப்ராக்ஸி (இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சர்வர்), ஃபயர்வால் என்று வழியில்தான் தடை. அல்லது கணினியே அணைந்து கிடக்கிறது. தொட்ட நேரம் புதிது, அறிக்கை நேரம் பழையது என்றால், வழி சரி; ஸ்கேன், அதாவது எந்த அப்டேட் தேவை என்று கணினி சர்வரிடம் கேட்டுத் தேடுவது, பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது அறிக்கை மட்டும் வேறு இடத்துக்குப் போகிறது. இன்னும் ரிப்போர்ட் செய்யவில்லை என்று நாள்கணக்கில் காட்டும் கணினிகள் பெரும்பாலும் இந்த வகைதான். கணினி பட்டியலிலேயே இல்லை என்பது மூன்றாவது வகை.

பட்டியலில் கணினியே தெரியவில்லை. பதிவாகவில்லை என்று அர்த்தமா?

அப்படி முடிவு கட்டும் முன் கன்சோலின் மேலே உள்ள ஸ்டேட்டஸ் வடிகட்டியைப் பாருங்கள். "ஃபெயில்டு ஆர் நீடட்" என்று இருந்தால் குறையுள்ள கணினிகள் மட்டுமே தெரியும். எல்லா அப்டேட்டும் ஏறிய கணினியும் தெரியாது, இன்னும் வாயே திறக்காத கணினியும் தெரியாது. அதை "எனி" என்று மாற்றி ரிஃப்ரெஷ் அழுத்துங்கள். காணாமல் போன கணினிகளில் ஒரு பங்கு இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது "அன்அசைன்டு கம்ப்யூட்டர்ஸ்" குழு. குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் ஏற்பாடு) குழுப் பெயரை எழுதிவிட்டு, சர்வரின் ஆப்ஷன்ஸில் கணினிகளைக் குரூப் பாலிசி வழியாகப் பிரிக்கச் சொல்லாமல் விட்டிருந்தால், எல்லாம் அங்கேதான் போய்க் குவியும். பாலிசியில் எழுதிய பெயருக்கும் கன்சோலில் உள்ள குழுப் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் இதே கதை.

வடிகட்டியும் குழுவும் சரி, ஆனாலும் ஆள் இல்லை என்றால், கீழே 'ஐம்பது கணினி இருக்கிறது' என்று தொடங்கும், இரட்டை அடையாள எண் பற்றிய கேள்விக்குத் தாவுங்கள்.

எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம்?

கிளையன்ட், அதாவது சர்வரிடம் அப்டேட் கேட்கும் கணினி, இயல்பாக 22 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யும். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் சர்வர் மேல் விழாமலிருக்க, அந்த 22-இலிருந்து 0 முதல் 20 சதவீதம் வரை ஏதோ ஒரு அளவைத் தானே கழித்துக்கொள்ளும். ஆக, ஏறத்தாழ 17½ மணி முதல் 22 மணி நேரத்துக்குள் ஒரு தடவை. ஸ்கேன் முடிந்த அதே நொடியில் அறிக்கை வராது. சேர்த்து வைத்துச் சற்றுப் பிந்தித்தான் அனுப்பும். புதிதாகச் சேர்த்த கணினிக்கு, அது தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு நாள் அவகாசம் நியாயமானது. எப்போதோ திறந்து மூடும் மடிக்கணினிக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

பல கணினிகள் ஒன்றாக நின்றுவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

சர்வரிலிருந்து. ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து நோண்டுவது இங்கே வீண்.

கடைசியாகத் தொட்ட நேரம் என்ற பத்தியைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். தேதிகள் சிதறியிருந்தால் தனித்தனிக் கோளாறு. எல்லாம் ஒரே நாளில், ஒரே வேளையில் முடிந்திருந்தால் அன்று சர்வரிலோ நெட்வொர்க்கிலோ பாலிசியிலோ யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். ஒரு கிளை அலுவலகத்தின் முகவரி வரிசையில் உள்ளவை மட்டும் நின்றிருந்தால் இடையில் உள்ள ஃபயர்வால்.

சர்வரின் அப்ளிகேஷன் லாகையும் பாருங்கள். 30 நாளாகக் கணினிகள் ரிப்போர்ட் தரவில்லை என்பதை 13031, 13032 என்ற நிகழ்வு எண்களில் சர்வரே எழுதி வைக்கும். அதைவிடப் பயனுள்ளவை 12002, 12022, 12042. இவை முறையே ரிப்போர்ட்டிங், கிளையன்ட், சிம்பிள்ஆத் வெப் சர்வீஸ்கள் வேலை செய்யவில்லை என்று சொல்பவை. டபிள்யூசஸ்யூடில் கருவியை செக்ஹெல்த் என்ற சொல்லோடு ஓட்டினால் இந்தச் சோதனையை உடனே செய்து முடிவை அதே லாகில் எழுதும். 10000 வந்தால் சர்வர் தன்னளவில் நலம்.

கிளையன்ட்டில் 80244022 வருகிறது. கன்சோலும் அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன செய்வது?

80244022 என்றால் ஐஐஎஸ் (டபிள்யூசஸ் ஓடும் மைக்ரோசாஃப்ட் வெப் சர்வர்) 503, அதாவது சேவை இப்போது கிடைக்காது என்ற பதிலைத் திருப்பியனுப்புகிறது. சர்வரில் ஐஐஎஸ் மேனேஜரைத் திறந்து அப்ளிகேஷன் பூல்களில் (வெப் சர்வீஸ்கள் ஓடும் தனித்தனித் தொகுதிகள்) டபிள்யூசஸ்பூல் என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் "ஸ்டாப்டு" என்று கிடக்கும். ஸ்டார்ட் கொடுத்தால் ஓடும், சிறிது நேரத்தில் மறுபடி விழும்.

விழுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பூலுக்கு இயல்பாக விதிக்கப்பட்ட பிரைவேட் மெமரி வரம்பு 1843200 கேபி, அதாவது சுமார் 1.8 ஜிபி. அப்டேட் பட்டியல் பெருத்துப்போன சர்வரில் ஒரு ஸ்கேன் கோரிக்கைக்குப் பதில் தயாரிப்பதே பெரிய வேலை. நூறு கணினிகள் கேட்டால் வரம்பு தாண்டிவிடும். தாண்டியதும் ஐஐஎஸ் பூலை மறுசுழற்சி செய்யும். பாதிப் பதிலில் இருந்த கிளையன்ட்டுகள் அறுந்து மறுபடி முதலிலிருந்து கேட்கும். சுமை இன்னும் ஏறும். போதாக்குறைக்கு, 5 நிமிடத்துக்குள் 5 தடவை விழுந்தால் பூலையே நிறுத்திவிடும் பாதுகாப்பு ஒன்றும் உண்டு.

பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை:

பிரைவேட் மெமரி லிமிட்: சர்வர் டபிள்யூசஸுக்கு மட்டும் என்றால் 0, அதாவது வரம்பில்லை. வேறு வேலைகளும் ஓடினால் 4194304 முதல் 8388608 கேபி வரை, இருக்கும் ரேமைப் பொறுத்து.
க்யூ லெங்த்: 1000-ஐ 2000 ஆக்குங்கள்.
ஐடில் டைம்-அவுட்: 20 நிமிடத்தை 0 ஆக்குங்கள்.
குறித்த நேர மறுசுழற்சி: 1740 நிமிடத்தை 0 ஆக்குங்கள்.

பிறகு பூலை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். அடுத்த சில மணி நேரம் ப்ராசஸர் நூறு சதவீதத்தில் நின்றாலும் கை வைக்காதீர்கள். காத்திருந்த கணினிகள் எல்லாம் ஒரே மூச்சில் ஸ்கேன் செய்கின்றன. பொறுமை இழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த வரிசை மறுபடி முதலிலிருந்து.

இதெல்லாம் மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜன் வைப்பது மாதிரி. நோய் டேட்டாபேஸில் இருக்கிறது. புதியது வந்ததால் காலாவதியான அப்டேட்டுகளை டிக்ளைன் செய்யுங்கள், அதாவது வேண்டாம் என்று ஒதுக்குங்கள். அலுவலகத்தில் இல்லாத தயாரிப்புகளின் தேர்வை நீக்குங்கள். டிரைவர்ஸ் என்ற வகை தேர்வாகியிருந்தால் முதலில் அதை எடுங்கள். சர்வர் கிளீனப் விசார்டை மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். பல வருடம் ஓட்டாத சர்வரில் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தால் விசார்டே நேரம் கடந்து விழுந்துவிடும். ஒவ்வொரு கட்டமாக டிக் செய்து தனித்தனியாக ஓட்டுங்கள். டபிள்யூசஸின் எஸ்யூஎஸ்டிபி டேட்டாபேஸை ரீஇண்டெக்ஸ் செய்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணினி எந்தச் சர்வரிடம் போகிறது என்று எப்படி உறுதி செய்வது?

பாலிசியில் என்ன எழுதினோம் என்பது முக்கியமில்லை. கணினிக்குள் என்ன இறங்கியிருக்கிறது என்பதே முக்கியம். ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட் என்று இறங்குங்கள். அங்கே டபிள்யூயூசர்வர், டபிள்யூயூஸ்டேட்டஸ்சர்வர் என்று இரண்டு மதிப்புகள். அதற்குள்ளேயே ஏயூ என்ற கீயில் யூஸ்டபிள்யூயூசர்வர் என்பது 1 ஆக இருக்க வேண்டும். அது 0 ஆகவோ இல்லாமலோ இருந்தால், முகவரி எவ்வளவு சரியாக இருந்தாலும் கணினி நேரே இணையத்துக்குப் போய்விடும்.

முகவரியில் போர்ட் எண் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் டபிள்யூசஸ் இயல்பாகப் பயன்படுத்துவது எச்டிடிபிக்கு 8530, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 8531. பழைய சர்வரிலிருந்து மாறியவர்கள் சர்வர் பெயரை மட்டும் மாற்றி போர்ட்டை எழுத மறப்பது சகஜம். கிளையன்ட் 80-ஐத் தட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு மதிப்புகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாலிசி ஜன்னலில் அப்டேட் சர்வருக்கு ஒரு பெட்டி, புள்ளிவிவர சர்வருக்கு அதன் கீழே இன்னொரு பெட்டி. சர்வர் மாறும்போது மேல் பெட்டியைத் திருத்திவிட்டுக் கீழ்ப் பெட்டியைப் பழைய முகவரியிலேயே விட்டுவிட்டால், ஸ்கேன் புதிய சர்வரில் நடக்கும், அறிக்கை இல்லாத சர்வருக்குப் போகும். தொட்ட நேரம் புதிது, அறிக்கை பழையது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ரெஜிஸ்ட்ரியில் பழைய முகவரியே இருந்தால் கோளாறு டபிள்யூசஸில் இல்லை, குரூப் பாலிசியில். கணினியில் ஜிபிரிசல்ட் கட்டளையால் அறிக்கை எடுத்து எந்தப் பாலிசி வென்றது என்று பாருங்கள்.

வழி திறந்திருக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

பிங் வேண்டாம். பிங் போவதால் 8530 திறந்திருக்கிறது என்று ஆகாது. பிங் போகாததால் மூடியிருக்கிறது என்றும் ஆகாது.

பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்குச் சர்வர் பெயரும் போர்ட் 8530-உம் கொடுங்கள். பாலிசியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரைக் கொடுங்கள், ஐபி முகவரியை அல்ல. டிஎன்எஸ் கோளாறும் சேர்ந்தே வெளிப்படும். பிறகு பிரவுசரில் சர்வர் முகவரி, போர்ட், அதன் பின்னால் கிளையன்ட்வெப்சர்வீஸ், சாய்கோடு, கிளையன்ட்.ஏஎஸ்எம்எக்ஸ் என்று அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் ஐஐஎஸ் உயிரோடிருக்கிறது. 503 வந்தால் மேலே சொன்ன பூல். 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை) வந்தால் முகவரியோ போர்ட்டோ தவறு, அல்லது டபிள்யூசஸ் சைட் சிதைந்திருக்கிறது.

பிரவுசரில் திறக்கிறது, ஆனாலும் ஸ்கேன் தோற்கிறது. ஏன்?

பிரவுசர் ஓடுவது உங்கள் கணக்கில். விண்டோஸ் அப்டேட் ஓடுவது சிஸ்டம் கணக்கில். உங்களுக்கு உள்ள ப்ராக்ஸி அமைப்பு அதற்குக் கிடையாது. நெட்எஸ்எச் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி என்று அடித்தால் சிஸ்டம் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும். அங்கே ஒரு பழைய ப்ராக்ஸி முகவரி ஒட்டிக்கொண்டு, உள்ளூர்ச் சர்வருக்கான விலக்குப் பட்டியலும் இல்லாமலிருந்தால், கோரிக்கை ப்ராக்ஸிக்குப் போய் 403 (அனுமதி மறுப்பு) வாங்கிக்கொண்டு திரும்பும்; கிளையன்ட் லாகில் 80244018.

நேர்மாறான வகையும் உண்டு. 2020 செப்டம்பர் மாத அப்டேட்டிலிருந்து, எச்டிடிபி வழியாகச் செல்லும் டபிள்யூசஸ் ஸ்கேனுக்குப் பயனரின் ப்ராக்ஸியை இரவல் வாங்குவதை மைக்ரோசாஃப்ட் இயல்பாக நிறுத்திவிட்டது. அதுவரை அப்படி இரவலில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அந்த அப்டேட் ஏறியதும் மௌனமாகும். சிஸ்டம் அளவில் ப்ராக்ஸியை அமைப்பதோ, எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவதோதான் ஒழுங்கான தீர்வு. பயனர் ப்ராக்ஸியை மறுபடி அனுமதிக்கப் பாலிசி இருக்கிறது. ஆனால் அது எதற்காக மூடப்பட்டதோ அந்த ஓட்டையைத் திறப்பது என்பதை நினைவில் வையுங்கள்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிய பின் நின்றுவிட்டது.

மூன்று இடங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் குறும்பெயர், மற்றதில் டொமைனோடு முழுப்பெயர் என்றால் ஒப்புக்கொள்ளாது. சான்றிதழை வழங்கிய ரூட், அதாவது மூல அமைப்பின் சான்றிதழ், கணினியின் நம்பகப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். பயனரின் பெட்டகத்தில் போட்டால் பிரவுசர் மட்டும் திறக்கும். கணினியின் தேதி சரியாக இருக்க வேண்டும்; மதர்போர்டு பேட்டரி செத்த கணினி இங்கேதான் மாட்டும்.

ஐஐஎஸ்ஸில் எஸ்எஸ்எல் கட்டாயம் என்பதைச் சைட் முழுவதற்கும் போடக்கூடாது. சிம்பிள்ஆத், டிஎஸ்எஸ்ஆத், சர்வர்சிங்க், ஏபிஐரிமோட்டிங்30, கிளையன்ட்வெப்சர்வீஸ் ஆகிய ஐந்துக்கு மட்டுமே. கண்டென்ட், செல்ஃப்அப்டேட், ரிப்போர்ட்டிங்வெப்சர்வீஸ் போன்றவற்றை விட்டுவிடுங்கள். கோப்புகள் தொடர்ந்து எச்டிடிபியில்தான் இறங்கும் என்பதால் ஃபயர்வாலில் 8531 மட்டும் போதாது, 8530-உம் வேண்டும்.

சர்வரைத் தொடுகிறது, ஆனால் அறிக்கை வருவதில்லை. எந்த இடத்தில் அறுகிறது?

இதற்கு ஐஐஎஸ் லாகைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. சர்வரில் இனெட்பப் ஃபோல்டருக்குள் லாக்ஸ், லாக்ஃபைல்ஸ் என்று போய், டபிள்யூசஸ் சைட்டின் அன்றைய கோப்பை எடுங்கள். கணினியின் ஐபியைத் தேடுங்கள். நேரம் யூடிசியில் இருக்கும்; உங்கள் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

நலமான கணினி விட்டுச்செல்லும் தடம் இப்படி இருக்கும்: முதலில் சிம்பிள்ஆத் பக்கத்துக்கு ஒரு போஸ்ட் (சர்வருக்குத் தரவு அனுப்பும் கோரிக்கை), 200, அதாவது வெற்றி. பிறகு கிளையன்ட்.ஏஎஸ்எம்எக்ஸுக்கு அடுத்தடுத்துப் பல போஸ்ட், எல்லாம் 200. சற்று இடைவெளி விட்டு ரிப்போர்ட்டிங்வெப்சர்வீஸுக்கு ஒரு போஸ்ட், 200.

கிளையன்ட் வரிகள் இருந்து ரிப்போர்ட்டிங் வரி இல்லை என்றால், ஸ்கேன் முடியவில்லை அல்லது அறிக்கை முகவரி வேறு. கிளையன்ட் வரிகள் இருநூறு வரை நீண்டு அப்படியே நின்றுவிட்டால், கிளையன்ட் பக்கம் 80244010 இருக்கும்: ஒரே ஸ்கேனில் சர்வருக்கும் தனக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட போக்குவரத்து எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் இது வந்தால் பதற வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பதால், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை ஸ்கேன் செய்தால் கடந்துவிடும். எல்லாக் கணினிகளிலும் வந்தால் பட்டியல் பெருத்திருக்கிறது. டிக்ளைன் வேலையைத் தொடங்குங்கள். ரிப்போர்ட்டிங் வரி இருந்து 500 (சர்வரின் உட்கோளாறு) என்று முடிந்தால் டேட்டாபேஸ் பக்கம் போங்கள். அது இருக்கும் டிரைவில் இடம் காலியா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஐம்பது கணினி இருக்கிறது, கன்சோலில் முப்பதுதான். இன்று ஒரு பெயர் தெரிகிறது, நாளை அதே இடத்தில் வேறொன்று.

இரட்டை அடையாளம். டபிள்யூசஸ் கணினியை அடையாளம் காண்பது பெயரை வைத்து அல்ல, எஸ்யூஎஸ்கிளையன்ட்ஐடி என்ற எண்ணை வைத்து. ஒரு கணினியில் எல்லாம் நிறுவி, ஒருமுறை ஸ்கேனும் செய்துவிட்டு, அதை அப்படியே நகலெடுத்து இருபது கணினிகளில் இறக்கினால் இருபதுக்கும் ஒரே எண். சர்வர் கண்ணுக்கு அது ஒரே ஆள். கடைசியாகப் பேசியவரின் பெயர் தெரியும். விர்ச்சுவல் மெஷின்களை நகலெடுக்கும் இடங்களில் இது தீராத தொல்லை.

சந்தேகமுள்ள இரண்டு மூன்று கணினிகளில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், விண்டோஸ்அப்டேட் என்ற இடத்தில் அந்த மதிப்பைப் படித்து ஒப்பிடுங்கள். இது பாலிசீஸ் கீ அல்ல, வேறு இடம், அவசரத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்றாக இருந்தால்:

1. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை நிறுத்துங்கள்.
2. எஸ்யூஎஸ்கிளையன்ட்ஐடி, எஸ்யூஎஸ்கிளையன்ட்ஐடிவேலிடேஷன் இரண்டு மதிப்புகளையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் நீக்கினால் போதாது.
3. சர்வீஸை மறுபடி தொடங்குங்கள்.
4. டபிள்யூயூஏயூசிஎல்டி கட்டளையை ரீசெட்ஆத்தரைசேஷன் சேர்த்து ஓட்டி, ஒரு ஸ்கேனைத் தூண்டுங்கள்.
5. பத்து நிமிடம் கழித்து ரெஜிஸ்ட்ரியில் புதிய எண் பிறந்திருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு கன்சோலைத் திறங்கள்.

மூலப் படத்திலும் இந்த இரண்டையும் நீக்கிவிட்டு, சர்வீஸ் நின்ற நிலையிலேயே படமெடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் இதே கேள்வியோடு வருவீர்கள்.

சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரை அழித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எந்தக் கோளாறுக்கும் முதல் மருந்தாக இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கிளையன்ட்டின் உள்ளூர் டேட்டாபேஸ் கெட்டுப்போன கணினிக்கு இது உண்மையிலேயே மருந்து. அடையாள எண், தவறான முகவரி, ப்ராக்ஸி, சான்றிதழ் இவற்றில் எதையும் இது தொடாது. அவையெல்லாம் அந்த ஃபோல்டரிலேயே இல்லை.

பக்கவிளைவும் உண்டு. அந்த ஃபோல்டரில்தான் சர்வரிடம் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டவை இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் அடுத்த ஸ்கேன் அடிமுதல் நுனிவரை முழு ஸ்கேன். 503-இல் தடுமாறும் சர்வருக்கு எதிரே ஸ்கிரிப்ட் வைத்து முந்நூறு கணினிகளில் இதைச் செய்தால், இருந்த மூச்சும் போய்விடும். கணினியில் பழைய அப்டேட் வரலாற்றுப் பட்டியலும் காலியாகத் தெரியும்.

செய்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு கணினிகளில் மட்டும்: விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் (பின்னணியில் கோப்புகளை இறக்கும் சர்வீஸ்) இரண்டு சர்வீஸ்களையும் நிறுத்தி, ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, சர்வீஸ்களைத் தொடங்குங்கள். வாரம் கழித்து எல்லாம் நலமென்றால் பழையதை நீக்கலாம்.

டிடெக்ட்நவ் அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை.

விண்டோஸ் 10-இலிருந்து டபிள்யூயூஏயூசிஎல்டியின் டிடெக்ட்நவ் வேலை செய்வதில்லை. பிழையும் காட்டாது, சும்மா திரும்பிவிடும். யூஎஸ்ஓகிளையன்ட் ஸ்டார்ட்ஸ்கேன் பயன்படுத்துங்கள். பவர்ஷெல்லில் மைக்ரோசாஃப்ட்.அப்டேட்.ஆட்டோஅப்டேட் என்ற காம் ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் டிடெக்ட்நவ் மெத்தடை அழைப்பதும் ஒரு வழி. இவையும் திரையில் எதுவும் சொல்லாது. நடந்ததா என்பதை லாகில்தான் பார்க்க வேண்டும்.

எந்த லாக்?

சீக்கிரம் பார்க்க, ஈவென்ட் வியூவரில் விண்டோஸ்அப்டேட்கிளையன்ட், ஆபரேஷனல். 26 என்றால் ஸ்கேன் முடிந்து இத்தனை அப்டேட் கிடைத்தது. 25 என்றால் தோல்வி, பிழை எண்ணும் அதிலேயே. விவரமாகப் பார்க்க, பவர்ஷெல்லில் கெட்-விண்டோஸ்அப்டேட்லாக் அடியுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு உரைக்கோப்பை உருவாக்கித் தரும். விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள பழைய விண்டோஸ்அப்டேட்.லாக் கோப்பை விண்டோஸ் 10, 11-இல் திறந்தால் இந்தக் கட்டளையை ஓட்டச் சொல்லும் குறிப்பு மட்டுமே இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படும் எண்கள்: 80072ஈஈ7, பெயர் டிஎன்எஸ்ஸில் இல்லை. 80072ஈஎஃப்டி, இணைப்பே கிடைக்கவில்லை. 80072ஈஈ2, இணைத்தும் பதில் வருவதற்குள் நேரம் கடந்தது. ஃபயர்வாலாகவும் இருக்கலாம், திணறும் சர்வராகவும் இருக்கலாம். 80244019, 404. 80244017, 401, அதாவது அடையாளம் ஏற்கப்படவில்லை.

விண்டோஸ் அப்டேட் சர்வீஸ் நின்றிருக்கிறது. அதுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. இப்போதைய விண்டோஸில் அது தேவைப்படும்போது எழுந்து, வேலை முடிந்ததும் படுத்துக்கொள்ளும். "ஸ்டாப்டு" என்பது நோயல்ல. ஸ்டார்ட்டப் வகை "டிஸேபிள்டு" என்றிருந்தால்தான் நோய். கணினியை வேகப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகள் செய்யும் வேலை அது.

அப்டேட் எல்லாம் ஏறியிருக்கிறது, ஆனால் கன்சோலுக்குத் தெரியவில்லை. எப்படி?

கணினி நேரே மைக்ரோசாஃப்ட்டிடம் போய் வாங்கியிருக்கிறது. விண்டோஸ் 10-இல், 1607 பதிப்பிலிருந்து, டபிள்யூசஸ் முகவரியோடு அப்டேட்டுகளைத் தள்ளிப்போடும் டிஃபெரல் பாலிசியும் சேர்ந்து இருந்தால், கணினி இரட்டை ஸ்கேன் நிலைக்குப் போய் விண்டோஸ் அப்டேட்டுகளை இணையத்தில் தேடும். டிஃபெரல் பாலிசிகளை எடுத்துவிடுங்கள். டபிள்யூசஸில் நீங்கள் அப்ரூவ் செய்யும் நாளே தள்ளிப்போடுவதுதானே.

கான்ஃபிகரேஷன் மேனேஜரும் வைத்திருக்கிறோம். டபிள்யூசஸ் கன்சோலில் எல்லாமே ரிப்போர்ட் தராதவை.

அது அப்படித்தான் இருக்கும். அங்கே கணினிகள் கணக்குக் கொடுப்பது, டபிள்யூசஸுக்கு மேலே உட்கார்ந்து கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜரிடம். அதன் கன்சோலைப் பாருங்கள், டபிள்யூசஸ் கன்சோலை மூடிவிடுங்கள்.

கிளைச் சர்வரின் கணினிகள் தலைமைச் சர்வரில் தெரியவில்லை.

தலைமைச் சர்வரின் ஆப்ஷன்ஸில் ரிப்போர்ட்டிங் ரோலப் (கிளைகளின் கணக்கை மேலே திரட்டும் வசதி) இயக்கத்தில் இருக்க வேண்டும். கிளைச் சர்வர் ரெப்ளிகா வகையாக, அதாவது தலைமைச் சர்வரின் அப்ரூவல்களை அப்படியே பின்பற்றுவதாக, இருக்க வேண்டும். கிளை சிங்க் செய்த பிறகே எண்ணிக்கை மேலே வரும்.

2025 அக்டோபர் கடைசியிலிருந்து ஒரு கணினிகூட பேசவில்லை.

சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலில் 8530, 8531 போர்ட்டுகளுக்குத் தடை விதி இருக்கிறதா பாருங்கள். அந்த மாதம் சிவிஇ-2025-59287 என்ற கடுமையான பாதுகாப்பு ஓட்டை டபிள்யூசஸில் வெளிப்பட்டு, வழக்கமான நாளுக்கு வெளியே அவசர அப்டேட் வந்தது. அது ஏறும்வரை இந்த இரண்டு போர்ட்டுகளையும் சர்வரிலேயே அடைத்து வைப்பது தற்காலிக வழியாகச் சொல்லப்பட்டது. அடைத்தவர்கள் பேட்ச் போட்ட பிறகு திறக்க மறந்திருந்தால் இந்த நிலை. முதலில் அவசர அப்டேட் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், பிறகு திறங்கள். வரிசையை மாற்றாதீர்கள். இணையத்திலிருந்து நேரே அந்தப் போர்ட்டுகளுக்கு வழி இருந்தால், அதை எந்தக் காலத்திலும் திறக்க வேண்டியதில்லை.

டபிள்யூசஸையே மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது என்கிறார்களே, இவ்வளவு பாடுபட வேண்டுமா?

2024 செப்டம்பரில் அதை டெப்ரிகேட் செய்ததாக அறிவித்தார்கள். அதன் பொருள், புதிய வசதிகள் வராது என்பது. இருப்பது ஓடும், விண்டோஸ் சர்வர் 2025-இலும் இருக்கிறது. மாற்று ஏற்பாட்டுக்குத் திட்டமிடுங்கள். ஆனால் வேறு கருவிக்கு மாறினாலும் ப்ராக்ஸி, சான்றிதழ், நகலெடுத்த அடையாளம் ஆகிய மூன்றும் கூடவே வரும்.

மாதக்கணக்கில் வராத கணினிகளைக் கன்சோலிலிருந்து நீக்கிவிடலாமா?

நீக்கலாம். கிளீனப் விசார்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. 30 நாளாகத் தொடர்பு கொள்ளாதவற்றை எடுத்துவிடும். உயிருள்ள கணினியைத் தவறி நீக்கினாலும் நஷ்டமில்லை, அடுத்த ஸ்கேனில் அதுவே வந்து பதிவாகும். கன்சோலில் கையால் குழு பிரித்து வைத்திருந்தால் மட்டும் மறுபடி பிரிக்க வேண்டும்.

ஆனால் நீக்கும் முன் பட்டியலை ஏற்றுமதி செய்து ஆக்டிவ் டைரக்டரியோடு (டொமைனில் உள்ள கணினிகள், பயனர்களின் பதிவேடு) ஒப்பிடுங்கள். கணினி கடைசியாக டொமைனில் நுழைந்த நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் என்ற புலத்தைப் பயன்படுத்தலாம்; அது உடனுக்குடன் மாறுவதில்லை, 9 முதல் 14 நாள் வரை பின்தங்கியிருக்கும் என்பதால் இடைவெளியை 45 நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பழைய தேதி என்றால் கணினி போய்விட்டது, நீக்குங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் புதிய தேதி, டபிள்யூசஸில் பழையது என்றால் அந்த வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். யாரோ தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும், பேட்ச் ஏறாத கணினிகள் அவை.